இறந்தவர் எப்படிப் படித்தார்? புத்தகக் கடைக்காரரைத் துப்பறிய வைத்துக் கதை எழுதும் முறை

26 வருடம் பழைய புத்தகக் கடை நடத்தினேன். அப்பா ஆரம்பித்த கடை அது. மூடிய பிறகு துப்பறியும் கதைகள் எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதிய ஆறிலும் துப்பறிபவர் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர்தான். இதே மாதிரி எழுத ஆசைப்படுகிறவர்கள் கைப்பிரதியைக் கொண்டுவந்து தருவார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான். கடைக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தையற்காரரையோ பல் மருத்துவரையோ வைத்தால்கூடக் கதை அப்படியே ஓடும். புத்தகங்கள் பின்னால் அழகுக்கு அடுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாவில் போலீசுக்குத் தெரியாத எது உங்கள் கடைக்காரருக்குத் தெரியும்? என் பதில் எல்லாக் கதையிலும் ஒன்றுதான்: இறந்தவர் எப்படிப் படித்தார் என்பது. எந்தப் பக்கத்தில் பென்சில் கோடு போடுவார், எதை முனை மடிப்பார், எதைக் கையெட்டும் தூரத்தில் வைப்பார், எதை இரவல் தரவே மாட்டார் என்பதெல்லாம் 15 வருடம் அவருக்குப் புத்தகம் விற்றவருக்குத் தெரியும். பல சமயம் பெற்ற பிள்ளைக்கே தெரியாது.

வீட்டுக்குள் எப்படி நுழைப்பது

துப்பறிவதைத் தொழிலாகச் செய்யாதவருக்குச் சாவு வீட்டில் என்ன வேலை? பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார், இன்ஸ்பெக்டர் நண்பராக இருக்கிறார், யாரோ ஒருவர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். எதுவுமே வேண்டாம். பழைய புத்தகத் தொழிலில் இருப்பவரைச் சாவு வீடே கூப்பிடும். ஒருவர் போய்ச் சில நாளில், "அப்பா புத்தகமெல்லாம் இருக்கு, வந்து பாத்து எடுத்துக்கறீங்களா" என்று போன் வரும். என் கடைக்கு வந்த நல்ல புத்தகங்களில் பாதி அப்படி வந்தவைதான்.

அந்த அறைக்குள் தனியாக விடுவார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துத் திறந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை, அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வீட்டார் துக்கத்தில் இருப்பதால் வாய் தானாகத் திறக்கும். இதைவிடச் சிறந்த நுழைவாயில் வேறு எந்தத் தொழிலுக்கும் கிடையாது.

இன்னொன்று. உடலை உங்கள் கடைக்காரர் பார்க்க வேண்டாம். விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரியத் தொடங்கும், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். தாழ்ந்த பக்கம் தேங்கிய ரத்தத்தின் தடம் 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். அதற்கப்புறம் உடலைப் புரட்டிப் போட்டாலும் அந்தத் தடம் பழைய இடத்தையே காட்டும். இதெல்லாம் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கதையின் நேரக்கணக்கு இதோடு முட்டக்கூடாது. வெப்பம் கூடினால் இந்தக் கணக்கு முழுக்கவே வேகமாகும் என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் அதைச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். கடைக்காரருக்கு அலமாரி இருக்கிறது.

அலமாரியைப் படிக்கும் விதம்

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்றதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், இதை அலமாரி முன்னால் நின்றவர்கள்தான் சொல்ல முடியும்.

முதலில் தூசு. ஒரு புத்தகத்தை அடிக்கடி எடுத்தால் அதன் முன்னாலுள்ள பலகை விளிம்பு துடைத்தாற்போல இருக்கும். தொடாத புத்தகத்தின் முன்னால் தூசு ஒரே சீராகப் படிந்திருக்கும். ஒரே ஒரு முறை இழுத்திருந்தால் அந்தத் தூசில் புத்தகத்தின் அகலத்துக்கு ஒரு பாதை தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னலைப் பார்த்த அலமாரியில் முதுகு அட்டைகள் வெளுக்கும். உயரமான, வெளியே துருத்திய புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டைப் புத்தகத்தில் நிழல் விழுந்த பகுதி மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை விழும். பத்து வருடம் ஒரே இடத்தில் நின்ற புத்தகம் அந்த இடத்தை இப்படித் தன் முதுகில் எழுதி வைத்திருக்கும். யாராவது இடத்தை மாற்றி வைத்தால் எல்லைக் கோடு புதிய அண்டை வீட்டுக்காரரோடு பொருந்தாது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ராமபாணப் பூச்சி. ராமன் விட்ட ஒற்றை அம்பு ஏழு மராமரங்களைத் துளைத்துப் போனது போல இதுவும் ஒரு புத்தகத்தோடு நிற்காது. அட்டையைத் துளைத்து அடுத்த புத்தகத்துக்குள் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு. பக்கத்தில் பக்கத்தில் இருந்த மூன்று புத்தகங்களைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று துளையும் ஒரே நேர்கோட்டில் வரும். கடையில் கலைந்து வந்த மூட்டைகளில் எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதை அப்பா இப்படித்தான் கண்டுபிடித்து ஜோடி சேர்ப்பார். எனக்கு அப்போது 12 வயது. ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து மூன்று புத்தகத்துக்குள்ளும் செருகிக் காட்டினார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த மூன்றையும் வைத்து ஒரு கதையை எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன். நீங்கள் உங்களுடையதை வேறு மாதிரி கட்டலாம்.

ஒரு பெரியவர். வீட்டு நூலகத்தின் ஏணிக்குக் கீழே இறந்து கிடக்கிறார். பக்கத்தில் கனமான அகராதி ஒன்று, மேல் தட்டில் ஓர் இடைவெளி. எட்டி எடுக்கப் போய் விழுந்துவிட்டார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பத்து நாள் கழித்து மகள் கடைக்காரரைக் கூப்பிடுகிறாள். கடைக்காரர் அந்த அகராதியைக் கையில் எடுக்கிறார். முதுகு நன்றாக வெளுத்திருக்கிறது. மேல் தட்டோ ஜன்னல் வெளிச்சம் எட்டாத இடம், அங்கேயுள்ள மற்றவற்றின் முதுகுகள் கருகருவென்று இருக்கின்றன. வெளுத்த முதுகு வரிசையாக இருப்பது மூன்றாவது தட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெட்டும் உயரத்தில். அங்கே புத்தகங்களை நெருக்கித் தள்ளி இடைவெளியை மூடியிருக்கிறார்கள், தூசில் அந்த இழுபட்ட தடம் தெரிகிறது. ஆக அகராதிக்காக அவர் ஏணியில் ஏற வேண்டிய தேவையே இல்லை. அவர் ஏறி விழுந்தது போல யாரோ ஜோடித்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்பது

"அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று உங்கள் கடைக்காரர் ஒரு முறைகூடக் கேட்கக் கூடாது. அது போலீசின் கேள்வி. கடைக்காரர் புத்தகத்தைப் பற்றி மட்டுமே கேட்கட்டும், அதையும் ஆறுதலாகக் கேட்கட்டும். என் கதையில் கடைக்காரர் ஒரு பெண். இறந்தவரின் மகள் அவரிடம் பேசத் தொடங்குவது இப்படி வரும்:

"எல்லாத்தையும் எடுத்துக்கங்கக்கா. என்னால இந்த ரூமைப் பாக்கவே முடியல."

"எடுத்துக்கறேம்மா. அப்பா கடைசியா என்ன படிச்சிட்டிருந்தாரு? அதை மட்டும் நீ வச்சுக்கோ."

"படிக்கலையேக்கா. கண்ணு ஆபரேஷன் ஆகி மூணு வாரமா கட்டுதான். நான்தான் வேலைக்குப் போய்ட்டு வந்து படிச்சுக் காட்டுவேன்."

அந்தக் கேள்வியில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஒரு பெண்ணிடம் அவள் அப்பாவின் ஞாபகமாக ஒரு புத்தகம் இருக்கட்டும் என்ற அக்கறைதான் இருக்கிறது. துப்பு அந்த அக்கறையின் வழியாகவே வந்தது. கண்ணில் கட்டுப் போட்டவர் பொடி எழுத்து அகராதியைத் தேடி ஏணியில் ஏற மாட்டார். அப்படி ஜோடித்தவருக்கு அந்தக் கட்டு விஷயம் தெரியும், பெரியவர் படிக்கும் பழக்கம் தெரியாது. படிக்காத ஒருவர்தான் புத்தகத்தை வெறும் கனமான பொருளாகப் பார்த்திருக்க முடியும்.

காரணம் எங்கே இருக்கிறது

அரிய புத்தகத்தின் மேலுள்ள மோகத்தால் கொலை என்று எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். விட்டுவிடுங்கள். உண்மையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மார்க் ஹாஃப்மன் என்ற பழைய ஆவண வியாபாரி 1985 அக்டோபர் 15 அன்று இரண்டு குண்டுகள் வைத்து இரண்டு பேரைக் கொன்றான். மறுநாள் மூன்றாவது குண்டு அவன் காரிலேயே வெடித்து அவனைக் காயப்படுத்தியது. அவன் விற்ற ஆவணங்கள் பல அவனே தயாரித்த போலிகள். இல்லாத ஒரு தொகுப்பை விற்பதாகச் சொல்லிக் கெடு நெருங்கிவிட்டது, கடன் கழுத்தை நெரித்தது. கொஞ்சம் அவகாசம் கிடைக்கத்தான் கொன்றான். அவனுடைய மையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செயற்கையாகப் பழசாக்கியதால் பாளம் பாளமாக வெடித்திருந்தது தெரிந்தது. 1987 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இந்தத் தொழிலில் கொலைக்குக் காரணம் தேடினால் கெடு தேதியிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு எந்த நாளுக்குள் எதைத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்? என் கதையில் பெரியவரிடம் ஒரு பழைய நூல் இருந்தது. குடும்ப நண்பர் ஒருவர் நகலெடுக்க வாங்கிப்போய், திருப்பித் தந்தது அதன் பிரதி அச்சு. அசலை ஏற்கெனவே விலை பேசிவிட்டார்.

கண் தெரிந்திருந்தால் பெரியவர் ஏமாந்திருப்பார், அவ்வளவு நேர்த்தியான பிரதி. கட்டுப் போட்டிருந்ததால் விரலால் தடவிப் பார்த்தார். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த பக்கத்தில் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், பின்பக்கத்தைத் தடவினால் மெல்லத் தட்டுப்படும். ஈய எழுத்து இல்லாமல் அச்சடிக்கும் ஆஃப்செட் முறையில் அந்த அழுத்தமே இருக்காது, வழவழவென்று போகும். 50 வருடமாகத் தொட்ட பக்கம் திடீரென்று வழுக்கினால் அவருக்குத் தெரியாமல் போகுமா? கடைக்காரருக்குப் போன் செய்து, "ஏம்மா, எழுத்து நாளாக நாளாக மழுங்கிப் போயிடுமா?" என்று கேட்டார். கடைக்காரர் அன்று மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

இந்தப் போனை நான் வெகு நாள் யோசித்துத்தான் வைத்தேன். துப்பறிய இவர் ஏன் இவ்வளவு அலைகிறார் என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. ஆர்வக்கோளாறு என்ற காரணம் 200 பக்கம் தாங்காது. என் வாடிக்கையாளர் ஒருவரும் இப்படிக் கூப்பிட்டு, நான் பிறகு பேசுகிறேன் என்று சொல்லி, பேசாமலே போய்விட்டார். அவருடையது இயற்கையான சாவுதான். இருந்தாலும் என்ன கேட்க வந்தார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அலமாரிக்கு மறுபடி வாருங்கள். அந்த நூலின் இடது பக்கப் புத்தகத்தில் ராமபாணத் துளை, வலது பக்கப் புத்தகத்திலும் அதே உயரத்தில் துளை. நடுவிலுள்ள நூலில் துளை இல்லை. துளை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி அச்சாகியிருக்கிறது. அசலை ஸ்கேன் செய்தபோது ஓட்டையும் சேர்ந்து படமாகிவிட்டது. கடைக்காரர் குச்சியைச் செருகிப் பார்க்கிறார், முதல் புத்தகத்தைத் தாண்டிப் போகவில்லை. கதையில் இந்த இடத்தை மெதுவாக எழுதுங்கள். வசனமே வேண்டாம்.

தவறவிடக் கூடாத நுட்பங்கள்

நூல்களுக்குத் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை வைத்துத் துப்பு வைக்கும்போது கவனம். 1970இல் சர்வதேசத் தரமாக வந்தபோது அது 10 இலக்கம். 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கம். என் முதல் கதையில், "2003இல் வாங்கியது" என்று ஒருவன் சொல்லும் புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் எண்ணைக் காட்டிப் பொய்யை உடைத்தேன். ஒரு நூலகர் கடிதம் எழுதினார்: பட்டைக் குறியீட்டுக்குக் கீழே 978இல் தொடங்கும் 13 இலக்கம் அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது, மாறியது ஐ.எஸ்.பி.என். என்று அச்சிடும் எண்தான். அவர் சொன்னது சரி. கதையின் முதுகெலும்பே ஒடிந்தது. அதன் பிறகு எந்தத் துப்பையும் அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் காட்டாமல் நான் வைத்ததில்லை.

பச்சை அட்டை விஷம். 19ஆம் நூற்றாண்டுத் துணி அட்டைகள் சிலவற்றில் ஆர்சனிக் கலந்த மரகதப் பச்சை நிறமி உண்டு. அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் அப்படிப்பட்ட நூல்களைப் பட்டியலிட்டு வருகிறது. 2024இல் பிரான்சின் தேசிய நூலகம் நான்கு நூல்களை வாசகர்களிடமிருந்து விலக்கி வைத்தது. தோலில் படுவதும் தூளைச் சுவாசிப்பதும் கெடுதல்தான். ஆனால் ஒருமுறை தொட்டதும் ஆள் சுருண்டு விழுவதாக எழுதினால் வாசகர் உங்களை நம்ப மாட்டார். தவறான பாதைக்கு இழுக்கும் துப்பாக வேண்டுமானால் வையுங்கள்.

எழுதிய தாளுக்கு அடியிலிருந்த தாளில் பென்சிலைத் தேய்த்து எழுத்தை வரவழைக்கும் காட்சி வேண்டவே வேண்டாம். அது தடயத்தை அழித்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தாலே பள்ளங்கள் நிழலாகத் தெரியும். உங்கள் கடைக்காரர் அதைச் செய்யட்டும், போட்டோ எடுக்கட்டும், அப்படியே வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடட்டும். கைரேகையும் அப்படித்தான். காகிதத்தில் கைரேகை வருடக்கணக்கில் நிற்கும். வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் சேர்ந்தால் ஊதா நிறத்தில் எழுந்து வரும், 1954இலிருந்து இந்த முறை உண்டு. கடைக்காரர் எல்லாப் புத்தகத்தையும் வெறுங்கையால் தொட்டவர் என்பதால் அவருடைய ரேகையும் சேர்ந்து எழும். அதை மறைக்காமல் ஒரு சிக்கலாகவே பயன்படுத்துங்கள். அவரும் ஒரு நாள் விசாரணையில் உட்காரட்டும்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது

எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து விரலை நீட்டும் முடிவு புத்தகக் கடைக்காரருக்குப் பொருந்தாது. இவர் எப்படிச் சொல்வார் என்பதற்கு 1934இல் நடந்த ஒன்றை முன்மாதிரியாக வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஜான் கார்ட்டர், கிரஹாம் போலார்டு என்று இரண்டு பேர், இருவருமே பழைய புத்தக வியாபாரத்தில் இருந்தவர்கள். அரிய முதல் பதிப்புகள் என்று விலைபோன பல சிறு நூல்கள் அவர்களுக்குச் சந்தேகமாகப் பட்டன. காகிதத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். 1847 என்று அச்சிட்ட ஒரு கவிதை நூலின் தாளில் ரசாயன முறையில் கூழாக்கிய மரம் இருந்தது. அந்தக் காகிதம் இங்கிலாந்தில் 1870களில்தான் வந்தது. அச்செழுத்தின் வடிவங்களையும் ஒப்பிட்டார்கள். சுட்டியதெல்லாம் தாமஸ் ஜே. வைஸ் என்ற, அந்தக் காலத்தில் பெரும் மதிப்போடு இருந்த நூல் சேகரிப்பாளரை நோக்கித்தான். ஆனால் அவர்தான் செய்தார் என்று ஒரு வரியில் அவர்கள் எழுதவே இல்லை. காகிதத்தையும் எழுத்தையும் பேசவிட்டார்கள். படித்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது.

என் கடைக்காரர் மூன்று புத்தகத்தையும் ஒரு குச்சியையும் இன்ஸ்பெக்டர் மேசையில் வைக்கிறார். "நீங்களே செருகிப் பாருங்க சார்" என்பதோடு சரி. ஆளின் பெயரை இன்ஸ்பெக்டர்தான் சொல்கிறார்.

கடைசி அத்தியாயத்தைக் கைதோடு முடித்துவிடாதீர்கள். ஒரு மனிதர் இறந்திருக்கிறார், அவர் வாசகர். எல்லாப் பழைய புத்தகக் கடையிலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும், வாடிக்கையாளர் கேட்டதை எடுத்து வைக்கும் இடம். பெயர் எழுதிய சீட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவருக்காக எடுத்து வைத்த புத்தகம் அங்கே இருக்கிறது. என் கதையில் மகள் ஒரு சாயங்காலம் கடைக்கு வருகிறாள். கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கிறார். அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டிய அதே குரலில், முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்குகிறாள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கடையை மூடிய நாளில், எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வராமலே போனவர்களின் சீட்டுகள் 11 இருந்தன. ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்தேன். எழுதும் மேசையின் இழுப்பறையில் இருக்கின்றன. புதுக் கதை தொடங்கும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வேன்.